முப்பத்தொன்றாம் பக்கத்துப் பாறை

பேருந்து கிளம்ப நாலு நிமிடம் இருந்தபோது அத்தான் தன் ஷூ கயிற்றை அவிழ்த்து முதலிலிருந்து கட்ட ஆரம்பித்தார். இடது காலில் அழுத்தம் கூடிவிட்டதாம். இரண்டு காலிலும் ஒரே அழுத்தம் இருந்தால்தான் மலை நம்மை ஏற்றுக்கொள்ளுமாம். அவர் மச்சினி புள்ளிக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொன்னால் அதற்கும் ஒரு விளக்கம் வரும். விளக்கம் முடிவதற்குள் பேருந்து போய்விடும்.

“ஏங்க, அந்தக் கயித்த வண்டிக்குள்ள உக்காந்து கட்டக் கூடாதா?” என்றாள் அக்கா.

“ஓடற வண்டியில கட்டினா முடிச்சு ஆடும்.”

“பல்லு கட்டறப்பவும் இப்படித்தான்டி,” என்று அக்கா தங்கையின் பக்கம் திரும்பினாள். “வாய்க்குள்ள பஞ்ச வெச்சிட்டு அரை மணி நேரம் யோசிப்பாரு. வந்தவங்க எச்சில் முழுங்க முடியாம கையக் கையக் காட்டுவாங்க.”

அத்தான் பல் மருத்துவர். வாரத்தில் ஐந்து நாள் மற்றவர்கள் வாய்க்குள் பார்ப்பார், மீதி இரண்டு நாள் நகரத்தைச் சுற்றியிருக்கும் மலைகளுக்குள் பார்ப்பார். பன்னிரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. ஏறாத குன்று கிடையாது, இறங்காத இடுக்கு கிடையாது. அத்தனையையும் மருந்துச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். அதைப் புத்தகமாகப் போடலாம் என்று தான் வேலை பார்க்கும் அச்சகத்தின் மேலாளரிடம் சிபாரிசு செய்தது வேறு யாரும் அல்ல, புள்ளியேதான். அந்த நாளை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

புள்ளி என்பது கன்னத்து மச்சத்தைப் பார்த்து அக்கா சின்ன வயதில் வைத்த பெயர். அச்சகத்தில் பிழை திருத்துபவராகச் சேர்ந்த பிறகு அங்கேயும் அந்தப் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது, காரணம் மட்டும் வேறு. ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போயிருந்தால் அவளுக்கு அன்று முழுவதும் வேறு வேலை ஓடாது. ஜன்னல் ஓரத்தில், காகிதக் கட்டுகளுக்கு நடுவில் அவளுக்கு ஒரு மேசை உண்டு. மூன்று வருடமாக அவள் அந்த மேசையில் தற்காலிகம். நிரந்தரம் செய்வதற்கான தாள் மேலாளரின் இழுப்பறையில் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் முப்பத்தொன்றாம் பக்கம் வந்து காலை வாரியது.

‘நகரத்தைச் சுற்றி இருபத்திரண்டு மலைப்பாதைகள்’ என்ற அந்தப் புத்தகத்தில் ஒன்பதாவது பாதை, பெரிய இடுக்கு. இரண்டு மலைகள் கோடரியால் பிளந்த மாதிரி பிரிந்து நிற்க, அடியில் ஆறு ஓடும். பாதை மேலே மலைவிளிம்பில் வெகுதூரம் போய், தனியாக நிற்கும் ஒரு பெரிய பாறைக்குப் பக்கத்தில் கீழே இறங்கும். முப்பத்தொன்றாம் பக்கம், பன்னிரண்டாம் வரி சொல்வது இதுதான்: ‘ஒற்றைப் பாறைக்கு முன்னால் இடப்பக்கம் இறங்கவும்.’

அப்படியே இறங்கியவர்கள் எல்லாம் முள்காட்டில் போய் மாட்டிக்கொண்டார்கள். ஆறு கடிதங்கள் வந்தன. ஒருவர் எதுவுமே எழுதாமல், கிழிந்த கால்சட்டைத் துணி ஒன்றை வெள்ளைத்தாளில் குண்டூசியால் குத்தி அனுப்பியிருந்தார். புத்தகத்தைத் தன் அலுவலகத்தில் வைத்து விற்றுக்கொண்டிருந்த மலைநடைக் கழகம், உடனே திருத்தச் சீட்டு ஒட்ட வேண்டும், அதில் யார் பிழை என்பதும் இருக்க வேண்டும், இல்லையென்றால் அத்தனை பிரதிகளையும் திருப்பி அனுப்புவோம் என்று எழுதியது.

மேலாளர் புள்ளியைக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார். அவர் நிதானமாகப் பேசினாலே பயம்தான்.

“எழுதினவர் பிழைன்னா அவர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா. இல்லேன்னா நம்ம பிழை. நம்ம பிழைன்னா உன் பிழை. உன் பிழைன்னா அந்த மேசைக்கு வேற ஆள் பாக்கணும். ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு மெஷின்காரர் சீட்டு அடிக்க வர்றாரு. அதுக்குள்ள எனக்குத் தெரியணும்.”

“அவர் பிழைதான் சார். அப்படியேதான் எழுதியிருந்தாரு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு,” என்றாள் புள்ளி.

கையெழுத்துப் பிரதி அச்சகத்து அலமாரியில்தான் இருந்தது. எடுத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் அத்தானின் கையெழுத்தை ஒருமுறை முழுவதும் படித்து முடித்தவர்கள் மறுபடி அதைத் தொட மாட்டார்கள். எறும்பு மையில் விழுந்து எழுந்து வீட்டுக்குப் போன மாதிரி இருக்கும். அதோடு, ஞாபகம்தான் நன்றாக இருக்கிறதே.

புதன்கிழமை அவள், ‘இது ஆசிரியரின் பிழை’ என்று அடித்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு அத்தானின் மருத்துவமனைக்குப் போனாள். வெளியே நாலு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போனதும் அத்தான், “வா, உக்காரு,” என்றார். இருந்த ஒரே நாற்காலி நோயாளிகளுடையது. உட்கார்ந்தாள். நாற்காலி தானாகப் பின்னால் சாய்ந்தது, விளக்கு முகத்துக்கு மேலே வந்தது, “ஆ காட்டு,” என்றார். பல வருடப் பழக்கம்; காட்டிவிட்டாள். அதற்கப்புறம் பேச்சு முழுவதும் அவருடையது.

“நான் எழுதினது சரி, புள்ளி. பாறைக்கு முன்னாடிதான் எறங்கணும். பன்னெண்டு வருஷமா அங்கதான் எறங்கறேன்.”

“ஆ… ஆறு பேரு…”

“ஆட்டாத. ஆறு பேரு எறங்கினது முன்னாடி இல்ல. அவங்க வேற எங்கயோ எறங்கிட்டு என்னச் சொல்றாங்க. கீழ வரிசையில ஒண்ணு சொத்தையாகப் பாக்குது, தெரியுமா? ஞாயித்துக்கெழம வா. கூட்டிட்டுப் போய்க் காட்டறேன். பாத்துட்டு நீயே சொல்லு யார் பிழைன்னு.”

பல்லைச் சுத்தம் செய்துகொண்டு, கையெழுத்து இல்லாமல் அவள் திரும்பி வந்தாள்.

ஆகையால் இந்த ஞாயிற்றுக்கிழமை. ஆகையால் இந்தப் பேருந்து. அக்காவும் கிளம்பி வந்தது, இந்த இருவரையும் தனியாக அனுப்பினால் ஒருவர்தான் திரும்பி வருவார் என்ற பயத்தில்.

பதினோரு மணிக்குப் பாறையை அடைந்துவிடலாம் என்று புள்ளி கணக்குப் போட்டிருந்தாள். அத்தானுடன் நடந்ததில்லை என்பதால் வந்த கணக்கு அது. பதினைந்து அடிக்கு ஒருமுறை அவர் நின்றார். நின்று, கையைத் தூக்கி, ஒரு கல்லையோ, கல்லுக்குள் இருக்கும் கோட்டையோ காட்டினார். இந்த மண்ணின் நிறம் ஏன் மாறுகிறது, இந்தப் புதர் ஏன் ஒரு பக்கமாகச் சாய்கிறது, போன வருடம் இங்கே விழுந்த மரம் எந்தப் பக்கமாக விழுந்தது. பத்தரைக்கு ரொட்டியும் அவித்த முட்டையும் எடுத்து, மலை ஏறும்போது மெல்ல வேண்டிய முறையில் மென்றார். ஒரு வாய்க்கு முப்பது தடவை. புள்ளி எண்ணினாள், எண்ணாமல் இருக்க முடியவில்லை.

“அத்தான், மூணு மணிக்குள்ள எனக்கு போன் வரும்.”

“வரட்டும்.”

“அதுக்குள்ள பாறைக்குப் போகணும்.”

“பாறை எங்கயும் போயிடாது.”

“நாம போகணும்ல.”

“போய்ட்டுதான இருக்கோம்?” என்று அத்தான் ஒரு சரிவின் நடுவில் அசையாமல் நின்றபடி கேட்டார்.

அக்கா வழியில் கிடைத்த கல்லில் எல்லாம் உட்கார்ந்தாள். உட்கார்ந்த கல்லை விட்டு எழுந்திருக்கும்போதெல்லாம், கல்யாணத்துக்கு முன்பு இவர் சினிமாவுக்குக் கூட்டிப் போவேன் என்று சொன்னதை எடுத்துச் சொன்னாள். கீழே இடுக்கின் அடியில் ஆறு ஒரு தகரத் துண்டு போல மின்னியது. எதிர்ப்பக்கத்து மலைச்சுவரில் வெயில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் புள்ளியும் அதைப் பார்த்து நின்றிருப்பாள். இன்று அவள் பார்த்ததெல்லாம் கைக்கடிகாரத்தைத்தான்.

பாறை கண்ணில் பட்டபோது மணி இரண்டு ஐந்து. மூன்று மாடி உயரம் இருக்கும். இவர்கள் வந்த பக்கம் வழவழவென்று, ஒரு மொட்டைத் தலையின் பின்பக்கம் மாதிரி இருந்தது. அதை அடைவதற்கு இருபது அடி இருக்கும்போதே இடப்பக்கம் ஒரு வழி பிரிந்து, புதர்களுக்கு நடுவில் சரேலென்று இறங்கியது.

புள்ளி அங்கேயே நின்றாள். நாலு நாள் ஆத்திரமும் அப்போதுதான் வாய்க்கு வந்தது.

“இதோ. பாறைக்கு முன்னாடி. இடப்பக்கம். எறங்கற வழி. நீங்க எழுதினதப் படிச்சா யாரா இருந்தாலும் இங்கதான் எறங்குவாங்க.”

அத்தான் அந்த வழியைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார். “இது பின்னாடியாச்சே,” என்றார்.

“எது பின்னாடி?”

“இது. பாறைக்குப் பின்னாடி.”

“அத்தான், நாம நடந்து வர்றோம். பாறை நமக்கு முன்னாடி இருக்கு. அதுக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி இந்த வழி வருது. அப்ப இது முன்னாடியா, பின்னாடியா?”

“நமக்கு முன்னாடி பாறை இருக்கு, சரி. பாறைக்கு முன்னாடி என்ன இருக்குன்னு நீ கேக்கவே இல்லையே.”

“ரெண்டு பேரும் முடிவுக்கு வர்றதுக்கு முன்னாடி நான் போய்ச் சேந்துருவேன்,” என்று அக்கா ஒரு கல்லில் உட்கார்ந்தாள்.

“இப்ப பாரு,” என்றார் அத்தான், பொறுமையாக. அந்தப் பொறுமைதான் புள்ளிக்குத் தாங்கவில்லை. “உன் வீட்டுக்கு முன்னாடி வந்து நில்லுன்னு ஒருத்தர்கிட்ட சொல்ற. அவரு கொல்லப்பக்கமா வர்றாரு. எங்க நிக்கணும்? கொல்லையிலயா, வாசல்லயா?”

“வீட்டுக்கு வாசல் இருக்கு. பாறைக்கு ஏது வாசல்?”

அத்தான் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்போது புதருக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

“வேண்டாங்க. இன்னொரு தடவ எறங்கச் சொன்னீங்கன்னா நான் இங்கயே குடியிருந்துடுவேன்.”

முதலில் ஒரு தொப்பி தெரிந்தது. பிறகு ஐம்பதைத் தாண்டிய ஒருவர், கையில் விரித்த புத்தகத்துடன், ஒரு விரலை வரியின்மேல் அழுத்திப் பிடித்தபடி ஏறி வந்தார். பின்னாலேயே அவர் மனைவி. இருவர் உடையிலும் முள் இழுத்த கோடுகள். அந்த அம்மாளின் உள்ளங்கை முழுவதும் முள்.

“நீங்களும் பெரிய இடுக்குக்கா?” என்று அவர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். “நான் தையல்காரன். இன்னிக்குத்தான் கடைக்கு லீவு. மூணு தடவ எறங்கி ஏறிட்டோம். புஸ்தகத்துல எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கு. நாங்கதான் எங்கயோ தப்பாப் படிக்கறோம் போல.”

“நாம தப்பாப் படிக்கலை,” என்றாள் அவர் மனைவி. “எழுதினவன் தப்பு. இத எழுதினவன் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டான். வீட்டுல மின்விசிறிக்குக் கீழ உக்காந்து எழுதியிருப்பான். அவன் மட்டும் என் கையில கெடைச்சா, அந்த முள்ளுக்குள்ள உக்கார வெச்சு, எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுவேன்.”

அக்கா ஒரு ஆரஞ்சை உரிப்பதில் ஆழ்ந்துபோனாள்.

“அச்சுல வந்தது தப்பா இருக்காதும்மா,” என்றார் தையல்காரர். “அளவுச் சீட்டுல முப்பத்தாறுன்னு இருந்தா முப்பத்தாறுதான் வெட்டணும். துணி பத்தலேன்னு சீட்டைக் குறை சொல்ல முடியுமா? யாரோ பாத்துத்தான போட்டிருப்பாங்க. திருத்தறதுக்குன்னே அங்க ஆள் வெச்சிருப்பாங்க.”

புள்ளி தரையைப் பார்த்தாள்.

அத்தான் அந்த அம்மாளின் கையைப் பார்த்தார். முதுகுப்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து, அதிலிருந்து வளைந்த முனை உள்ள இடுக்கி ஒன்றை எடுத்தார். “கையக் காட்டுங்கம்மா,” என்றார். அந்த அம்மாள் காட்டினாள். அத்தான் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு முள்ளாக எடுத்து ஒரு காகிதத்தில் வைத்தார். ஒரு முள் எடுக்கும்போதுகூட அந்த அம்மாள் முகம் சுளிக்கவில்லை. எடுக்கப்படும்போதெல்லாம் அவள் புத்தகம் எழுதியவனைப் பற்றி இன்னும் ஒரு வாக்கியம் சொன்னாள். பதினேழு முள் வந்தது. பதினேழு வாக்கியமும் வந்தது. அத்தான் ஒவ்வொன்றுக்கும் “ம்” என்றார்.

கடைசி முள்ளை எடுத்து வைத்துவிட்டு, எழுந்து, புள்ளியிடம் வந்து கையை நீட்டினார்.

“அந்தத் தாளைக் குடு.”

“எந்தத் தாள்?”

“அதான், கையெழுத்துத் தாள்.”

கொடுத்தாள். அவர் அதை முழங்காலில் வைத்து, ‘இது ஆசிரியரின் பிழை’ என்ற வரிக்குக் கீழே, எறும்பு வீட்டுக்குப் போகும் அந்தக் கையெழுத்தைப் போட்டார். “நான் சரியாத்தான் எழுதினேன்,” என்றார் மெதுவாக. “ஆனா மூணு தடவ எறங்கியிருக்காங்க. சரியா எழுதி என்ன ஆச்சு.”

இதற்காகத்தான் அவள் வாரம் முழுவதும் அலைந்தாள். தாள் கைக்கு வந்ததும் சந்தோஷப்பட வேண்டும். வந்தது எரிச்சல்தான். சண்டை போட்டு வாங்க வேண்டிய கையெழுத்தை இப்படி இரக்கத்தில் போட்டுக் கொடுத்தால் என்ன செய்வது?

மணி இரண்டு ஐம்பது. கைபேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

“பாறைக்கு அந்தப் பக்கம் போனா கெடைக்கும்,” என்றார் அத்தான்.

அவள் பாறையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். கைபேசியைத் தூக்கிப் பிடித்தாள். ஒரு கோடு வந்தது. இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள், இரண்டு கோடு. இன்னும் நாலு அடி பின்னால் போய், தலையை நிமிர்த்தினாள்.

பாறைக்கு முகம் இருந்தது.

தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய முகம் அல்ல. நெற்றி, நெற்றிக்குக் கீழே இரண்டு பள்ளம், நடுவில் கொஞ்சம் சப்பையான மூக்கு, அதற்குக் கீழே ‘நான் உன்னோடு பேச மாட்டேன்’ என்பது போலப் பிதுங்கிய கீழுதடு. அது நகரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இடுக்கையும் ஆற்றையும் பார்த்து உட்கார்ந்திருந்தது. அந்த உதடு நீண்டிருந்த திசையில், இடப்பக்கம், அகலமான படிகள் மாதிரி ஒரு நல்ல வழி ஆறு வரைக்கும் இறங்கிப் போனது. ஒரு முள்கூட இல்லை.

அந்த முகத்தைப் பார்த்ததும் புள்ளிக்கு வேறொன்று கண்ணில் தெரிந்தது: மருந்துச் சீட்டின் பின்பக்கம், நீல மை, அதன்மேல் தன் சிவப்புப் பென்சில். ‘பாறையின் முகத்துக்கு முன்னால், அதன் கீழுதடு காட்டும் திசையில், இடப்பக்கம் இறங்கவும்.’ அவள் அதைப் படித்துப் பெருமூச்சு விட்டதுகூட நினைவு வந்தது. பாறைக்கு முகமாம், உதடாம். அதற்கு முந்தின சீட்டில் மேகம் மலையின் தோளில் தூங்கியது. அதற்கு முந்தினதில் ஓடை சிரித்தது. வழி சொல்லும் புத்தகத்தில் இந்த ஜோடனை எல்லாம் எதற்கு என்று, மேகத்தையும் ஓடையையும் அடித்த அதே வேகத்தில் முகத்தையும் உதட்டையும் அடித்திருந்தாள். ‘பாறைக்கு முன்னால்.’ சுருக்கமாக, சுத்தமாக.

கைபேசி அடித்தது.

எடுக்காமல் ஐந்தாறு தடவை அடிக்க விட்டாள். கையெழுத்து பையில் இருக்கிறது. பிரதி அலமாரியில் இருக்கிறது. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர், ஒருத்தி அவள், இன்னொருவர் அத்தான் மருத்துவமனைக்குப் பக்கத்து மருந்துக்கடைக்காரர். அத்தானுக்கே தான் எழுதியது ஞாபகம் இல்லை. அச்சான புத்தகத்தை அவர் பிரித்தும் பார்த்ததில்லை. எழுதியவன் எதற்குப் படிக்க வேண்டும் என்பார். ‘வாங்கிட்டேன் சார்’ என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். பாறை மட்டும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பார்த்தது.

“வாங்கிட்டேன் சார்,” என்றாள். “ஆனா அது வேண்டாம்.”

“என்ன வேண்டாம்?”

“அவர் சரியாத்தான் எழுதியிருந்தாரு. நான்தான் எடுத்துட்டேன். பிழை என்னுது.”

அந்தப் பக்கம் இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது.

“நல்லா ஞாபகம் இருக்குன்னு சொன்ன?”

“இருந்துச்சு சார். தப்பா இருந்துச்சு.”

“புள்ளி, மெஷின்காரர் பக்கத்துல நிக்கறாரு. நான் என்னன்னு அடிக்கச் சொல்றது?”

“‘பாறைக்கு முன்னால்’ என்பதை ‘பாறையின் முகத்துக்கு முன்னால்’ என்று படிக்கவும்.”

“முகமா?”

“முகந்தான் சார். மூக்கெல்லாம் இருக்கு.”

மேலாளர் அந்த வரியை ஒரு தடவை முணுமுணுத்துப் பார்த்தார். பிறகு, “அச்சகத்தின் பிழைன்னு போட்டா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும்ல,” என்றார்.

“தெரியும் சார்.”

“மாசக் கடைசி வரைக்கும் இரு. அதுக்குள்ள அந்த அலமாரியத் திறந்து, அவர் எழுதினது முழுசா ஒரு தடவ பாத்துடு. வேற என்னென்ன போயிருக்குன்னு. உன்ன விட்டா அதப் படிக்க ஆள் இல்ல.” குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. “வெச்சிடறேன்.”

அவள் திரும்பியபோது நாலு பேரும் பாறையைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டிருந்தார்கள். தையல்காரர் முகத்தை அண்ணாந்து பார்த்து, தொப்பியைக் கழற்றினார். அக்கா, “அடப்பாவி, உங்க பெரியப்பா மாதிரியே இருக்குங்க,” என்றாள்.

புள்ளி அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்துகொண்டே போனது.

“முகம்னா எழுதியிருந்தேன்?”

“ஆமா.”

“கீழுதடும்?”

“ஆமா அத்தான்.”

“பரவால்லையே. நல்லாத்தான் எழுதியிருக்கேன்.” உடனே நெற்றி சுருங்கியது. “அப்ப நாலாம் பாதையில கடைவாய்ப்பல்லு மாதிரி மூணு கல்லு? அங்கதான வலப்பக்கம் திரும்பணும்?”

“எடுத்துட்டேன்.”

“பன்னெண்டாம் பாதையில கோரைப்பல்லு?”

“அதையும்.”

“மொத்தம் எத்தன பல்லு எடுத்த?”

புள்ளி மனதுக்குள் எண்ணினாள். “முப்பது இருக்கும்.”

“முழு வாயையும் எடுத்திருக்க,” என்றார் பல் மருத்துவர். “மயக்க மருந்துகூடக் குடுக்காம.”

தையல்காரரின் மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கு விளங்கிவிட்டது.

“நீங்கதானா அது?” என்றாள் அத்தானிடம். “முதல்லயே சொல்லியிருக்கலாம்ல. நேர்ல திட்டியிருப்பேனே.”

“நேர்லதாம்மா திட்டினீங்க.”

“அப்ப இவள?” என்று புள்ளியைக் காட்டினாள். திட்ட வாயைத் திறந்தவள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். “இருக்கட்டும். பதினேழு திட்டும் அவருக்கே இருக்கட்டும். முதுகு அகலமாத்தான் இருக்கு.”

அக்கா தங்கையைத் தனியாக இழுத்தாள். “வேலை போச்சாடி?”

“மாசக் கடைசியில.”

“எல்லாம் உங்களாலதான்,” என்று அக்கா திரும்பிக் கணவனைப் பார்த்துச் சொன்னாள். அவர் ஒன்றும் மறுக்கவில்லை. கல்யாணமானதிலிருந்து மழை பெய்வதுகூட அவரால்தான்.

இறங்க ஆரம்பித்தார்கள். நல்ல வழி, குழந்தைகூட இறங்கலாம். ஆனால் அத்தானுக்கு இப்போது கால் நடக்கவில்லை, வாய்தான் நடந்தது. பன்னிரண்டு வருடத்துப் பற்கள் அத்தனையும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அவர் ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்க, புள்ளியும் நின்றாள். தையல்காரரின் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, அவர் காதில் செருகியிருந்த பென்சிலையும் வாங்கிக்கொண்டு, ஓரத்தில் எழுதிக்கொண்டே வந்தாள். வேலை போன பிறகு வேலை பார்ப்பது அவளுக்கே எரிச்சலாக இருந்தது. எழுதாமல் இருப்பது அதைவிட எரிச்சலாக இருந்தது.

பாதி வழியில் அத்தான் ஒரு செங்குத்தான சுவருக்கு எதிரே நின்று கையைத் தூக்கினார்.

“இங்க எழுதிக்கோ. முன்பல் ரெண்டு, நடுவுல சந்து. அந்தச் சந்து வழியா ஆறு தெரியும்.”

புள்ளி பார்த்தாள். சந்து இருந்தது. ஒரு பக்கம் நீளமாக, வெள்ளையாக ஒரு கல் இருந்தது. மறுபக்கம் வெறும் மண்.

“ஒரு பல்லுதான் அத்தான் இருக்கு.”

“ரெண்டு.”

“ஒண்ணு. நல்லாப் பாருங்க.”

அவர் நல்லாப் பார்த்தார். கீழே சரிவில் உடைந்த வெள்ளைத் துண்டுகள் சிதறிக் கிடந்தன. “விழுந்திருக்கு,” என்றார். “போன மழைக்கு ஆடிட்டுத்தான் இருந்துச்சு. ஆனா நான் எழுதினப்ப ரெண்டு இருந்துச்சு. ரெண்டுன்னுதான் போடணும்.”

“வர்றவங்க ரெண்டு பல்லத் தேடிட்டு நிப்பாங்க.”

“ஒண்ணுன்னு போட்டா, நான் எழுதினதத் திருத்தின மாதிரி ஆகும்.”

“திருத்தத்தான் செய்யணும். இல்லாத பல்ல எப்படி அத்தான் அச்சடிக்கறது?”

“பல்லு செட்டு வெக்கறதில்லையா நான்?”

அக்கா இருவரையும் அப்படியே விட்டுவிட்டு, தையல்காரரின் மனைவியோடு பேசிக்கொண்டே கீழே இறங்கிப் போய்விட்டாள். தையல்காரர் மட்டும் போகாமல் நின்றார். தன் புத்தகம் அந்தப் பெண்ணின் கையில் இருந்தது, அவள் எழுதி முடிக்காமல் அதைத் திருப்பிக் கேட்பது முறையில்லை. புள்ளி பென்சிலை ஓரத்தில் வைத்து, ‘முன்பல் ஒன்று’ என்று எழுதினாள். அத்தான் எட்டிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். பிறகு அவளிடமிருந்து பென்சிலை வாங்கி, அதன் பக்கத்தில், யாராலும் படிக்க முடியாத எழுத்தில், ஏதோ சேர்த்தார்.